உரத்தொட்டி ஏன் நாறுகிறது? அடுப்படிக் கழிவில் நடக்கும் தவறுகள்

ஆசையாக உரத்தொட்டி வைத்துவிட்டுச் சில வாரத்திலேயே கைவிட்டவர்கள் சொல்லும் காரணம் நாற்றம். பெரும்பாலும் ஈரத்தால் வரும் வினை. காய்கறித் தோலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அதையே அடுக்கிக்கொண்டு போனால் உள்ளே காற்றோட்டம் அடைபடும், மக்க வேண்டியது அழுகும்.

இந்த ஈரத்தை உறிஞ்ச நம்ம பக்கம் எல்லோரும் முதலில் தேடுவது பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவுக் கட்டியைத்தான். நல்ல பொருள், போடும் விதம்தான் தப்பு. செடிக்குப் போடுவதுபோல ஊறவைத்து அப்படியே கொட்டுகிறார்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை ஏற்கெனவே குடித்துவிட்ட தூள் வேறெதை உறிஞ்சும்? கொஞ்சமாய்த் தண்ணீர் தெளித்து உதிர்த்து, நன்றாகக் காயவைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் காய்ந்த பொருள் என்பது கணக்கு. அதுவும் முழுக்க நார்க்கழிவாக இருந்தால் லிக்னின் என்ற எளிதில் மக்காத மரப்பொருளின் மிகுதியால் மக்கத் தாமதமாகும், தூள் படிந்து இறுகும். பாதிக்குப் பாதி நிலக்கடலைத் தோல், இலைச் சருகு, பொடியாக நறுக்கிய சோளத்தட்டு கலந்தால் இடைவெளி நிற்கும்.

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். ஆடிக்காற்றில் நிலைமை தலைகீழ்: பக்கவாட்டில் ஓட்டை போட்ட தொட்டி ஓரமெல்லாம் காய்ந்து எறும்பு குடியேறும். அப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு மூடி கட்டாயம்.

குழம்பு, ஊறுகாய், எண்ணெய் மிச்சம் வேண்டாம்; உப்பு செடிக்கு ஆகாது. கொட்டாங்குச்சி, மாங்கொட்டை மக்கக் காலமாகும். பாக்கெட் நுண்ணுயிர்த் தூளுக்குக் காசு செலவழிப்பது வீண், இரண்டு கைப்பிடி பழைய சாண எரு போதும்.

தட்டையான பழுப்புப் புழுக்களைக் கண்டு பினாயில் ஊற்றுவது பெருந்தவறு. அவை கழிவைத் தின்று தீர்ப்பவை. பினாயிலோ உரமாக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லும். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்பினாலே ஈ வருவது குறையும்.

அவசரப்பட்டு அரைகுறை உரத்தைச் செடிக்குப் போட்டால், மக்கி முடிக்க அது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு பிடியை ஈரத்தோடு பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசம் வந்தால் சலித்துப் போடலாம். புளித்த வாடை வந்தால் திரும்பத் தொட்டிக்கே.