லேப்டாப் ரேம் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

லேப்டாப் திணறுகிறது, ரேம் கூட்டலாம் என்று முடிவானதும் பலர் நேராகப் போவது விற்பனைத் தளத்துக்கு. எத்தனை ஜிபி வேண்டும் என்பது இரண்டாவது கேள்விதான். உங்கள் லேப்டாப் எதை ஏற்றுக்கொள்ளும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால் ரேம் செருகும் ஸ்லாட்களின் எண்ணிக்கையும் வேகமும் தெரியும். அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. மதர்போர்டிலேயே சால்டர் செய்த, அதாவது பற்றவைத்த சிப்களைக்கூட அது ஸ்லாட் கணக்கில் சேர்த்துக் காட்டுவதுண்டு. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது கழற்ற முடியாத ரேம். 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். மின்சாரம் குறைவாக எடுக்கும் எல்பிடிடிஆர் வகை பெரும்பாலும் சால்டர்தான். ஆப்பிளின் எம் வரிசை மெஷின்களில் ரேம் ப்ராசஸர் பேக்கேஜிலேயே இருக்கிறது, அங்கே மாற்றும் பேச்சே இல்லை.

ரேமில் டிடிஆர்3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 போகாது. ரேம் ஸ்டிக்கின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடம் வேறு, பின்களும் 260, 262 என்று வேறு. அதனால் இந்தத் தவறு பணத்தோடு போய்விடும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. பழைய லேப்டாப்காரர்கள் மாட்டிக்கொள்வது டிடிஆர்3-இல்தான். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் 204 பின், ஒரே வெட்டு. ஆனால் முதலாவதுக்கு 1.5 வோல்ட் வேண்டும், இரண்டாவதுக்கு 1.35 போதும். 1.35 மட்டும் தரும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3 அழகாக உட்காரும், திரைதான் வராது. டிடிஆர்3எல் இரண்டு வோல்டேஜிலும் ஓடும், சந்தேகமிருந்தால் அதையே வாங்குங்கள்.

அடுத்தது வேகம். என் கணக்கில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ஒரு குட்டி சிப்பில் அதன் வேகம், டைமிங், வோல்டேஜ் அட்டவணை இருக்கும். லேப்டாப் அதைப் படித்துத்தான் ஓடுகிறது. கேமிங் என்று விற்கப்படும் சில ஸ்டிக்குகளில் அட்டையில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி என்ற தனிப் பட்டியலில்தான் இருக்கும். அதை இயக்கும் வசதி பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) கிடையாது. அப்புறம் 3200 என்று வாங்கியது 2400-இல் ஓடும். டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ட்டிலேயே 3200 ஓடுவதாகத் தயாரிப்பாளர் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேம் விவரத்தைக் காட்டும் சிபியு-இசட் போன்ற மென்பொருளில் 3200-க்குப் பதில் 1600 என்று தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது, அந்த மென்பொருள் துடிப்பை மட்டும் எண்ணுவதால் பாதி தெரிகிறது.

பழைய 8 ஜிபியோடு புதிய 16-ஐச் சேர்த்தால் கெட்டுப்போகும் என்பார்கள். பொதுவாக அப்படியெல்லாம் ஆகாது. இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். பல மெஷின்களில் 8-க்கு 8 ஜோடி சேர்ந்து டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் போகும், மீதி ஒற்றையாக. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒற்றை ஸ்டிக்கைவிட இது நல்ல முன்னேற்றம், ஏனென்றால் அங்கே கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் கணக்கு, எடிட்டிங் என்று பிழைப்புக்கான வேலை ஓடும் மெஷினில் ஒரே கிட்டாக வந்த ஜோடியைத்தான் போடுவேன்.

டிடிஆர்5-இல் 24, 48 ஜிபி ஸ்டிக்குகள் பின்னால் வந்தவை. கொஞ்சம் முந்தைய மாடல் என்றால் அவற்றை அடையாளம் காண பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். பழைய ரேம் உள்ளே இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

மாட்டும்போது நடக்கும் கூத்து தனி. மூடியை மடக்கிவிட்டு 'ஆஃப் ஆகிவிட்டது' என்று நினைப்பதுதான் முதல் தவறு. விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, உலோகத்தைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, தங்கப் பட்டை கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளிய பிறகே கீழே அழுத்த வேண்டும். டிடிஆர்5 மெஷின் முதல் முறை சில நிமிடம் கருப்புத் திரையோடு நிற்கும். புதிய ரேமோடு பழகிக்கொள்கிறது, பயந்து பவரை நிறுத்தாதீர்கள்.

ஆன் ஆகிவிட்டது, 16 ஜிபி தெரிகிறது, முடிந்தது வேலை என்று மூடியை முடுக்கிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒருமுறை எனக்கு ஜிப் ஃபைல்கள் அவ்வப்போது பிரிய மறுத்தன. இரண்டு வாரம் இணையத்தையும் டிஸ்கையும் திட்டித் தீர்த்தேன். குற்றவாளி புது ரேம். கெட்ட ரேம் எப்போதும் நீலத்திரை காட்டாது, சத்தமில்லாமல் ஃபைலில் ஒரு பிட்டை மாற்றிவிட்டுப் போகும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பியில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். திரும்பவும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதுவரை பழைய ஸ்டிக்கை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.