வார்டில் குமட்டலும் மயக்கமும்: முதலாமாண்டு செவிலிய மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஊசி போடுவதைப் பற்றியோ கேஸ் ஷீட் எழுதுவதைப் பற்றியோ அல்ல, "மேடம், அங்கேயே வாந்தி வந்துவிட்டால் என்ன செய்வது?" என்பதைத்தான். நானும் முதலாமாண்டில் அறுவைசிகிச்சை வார்டில், சர்க்கரை நோயாளி ஒருவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் பிரித்தபோது, கிட்னி ட்ரேயை (சிறுநீரக வடிவத் தட்டை) ஏந்தி நின்றவள், கட்டு முழுவதும் அவிழும் முன்பே ட்ரேயோடு சரிந்தவள்தான். "இதற்கே இப்படியென்றால் இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாய்?" என்று அன்று என்னைக் கேட்டார்கள். குமட்டலும் மயக்கமும் உடம்பின் அனிச்சைச் செயல்கள் என்பதையும், அவற்றைப் பயிற்சியால் வழிக்குக் கொண்டுவரலாம் என்பதையும் அப்போது யாரும் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: வருவது குமட்டலா, மயக்கமா என்று பிரித்தறியுங்கள்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு எந்த உபாயமும் பலிப்பதில்லை. நாற்றத்தாலும் சளி, வாந்தி போன்றவற்றாலும் பெரும்பாலும் குமட்டல் வருகிறது. இரத்தத்தையும் ஊசியையும் பிளந்த காயத்தையும் பார்க்கும்போது சிலருக்கு வருவது மயக்கம். முதலில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறி, பிறகு மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியே துடிப்பு குறைந்து, இரத்த நாளங்கள் தளர்ந்து, அழுத்தம் சட்டென்று இறங்குவதால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடுகிறது. கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காதில் இரைச்சல், கண் இருட்டுதல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள்.

படி 2: காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்

வாந்தி வருமென்று பயந்து பட்டினியாகப் போவது தவறு. இரண்டு இட்லியும் இரண்டு டம்ளர் தண்ணீரும் போதும். விடுதிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் உணவை விடுபவர்களும், வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும்தான் என் கண்ணெதிரே அதிகம் விழுந்திருக்கிறார்கள்.

படி 3: மயக்கத்துக்குத் தசைகளை இறுக்கிப் பழகுங்கள்

"மூச்சை இழுத்துவிடு, உடம்பைத் தளர்த்து" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். பொதுவான பதற்றத்துக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும் இரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கு உடம்பைத் தளர்த்துவது உதவாது, இறுக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட், இரத்தத்தைக் கண்டு மயங்குபவர்களுக்காக 1980களில் உருவாக்கிய பயிற்சி இதுதான். கைகள், கால்கள், வயிறு ஆகியவற்றின் தசைகளை ஒருசேர இறுக்கி, முகத்தில் வெப்பம் ஏறுவதை உணரும்வரை, ஏறத்தாழ 10 முதல் 15 விநாடிகள் அப்படியே வைத்திருங்கள். பிறகு இறுக்கத்தை விடுங்கள். ஆனால் துவண்டுபோகாமல் இயல்பு நிலைக்கு மட்டும் வந்து, 20 முதல் 30 விநாடிகள் கழித்து மீண்டும் இறுக்குங்கள். இவ்வாறு ஐந்து முறை செய்வது ஒரு சுற்று. போஸ்டிங் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்காலியில் உட்கார்ந்து நாள்தோறும் சில சுற்றுகள் பழகியிருந்தால், வார்டில் கிட்னி ட்ரேயைப் பிடித்தபடியே, யாருக்கும் தெரியாமல், காலையும் வயிற்றையும் இறுக்க முடியும்.

நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாமல், குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை அசைந்தால் காலில் தேங்கும் இரத்தம் மேலேறும். இவ்வளவுக்குப் பிறகும் கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அறுவை அரங்கமாக இருந்தால், பக்கத்திலிருக்கும் சிஸ்டரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) மேசையிலிருந்து பின்னால் விலகி உட்காருங்கள். மேசைமேல் விழுந்தால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்; உட்கார்ந்த மாணவியை அரங்கில் யாரும் திட்டிப் பார்த்ததில்லை.

படி 4: நாற்றத்துக்கு உள்ளேயே நில்லுங்கள்

மூக்கு ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் அதற்குப் பழகிவிடும். தாங்காமல் வெளியே ஓடிவிட்டுத் திரும்பி வருபவர்களுக்குப் பழகிய மூக்கு வெளிக்காற்றில் மறுபடி புதிதாகிவிடுவதால், ஒவ்வொரு முறையும் முதல் தாக்குதலே கிடைக்கிறது. ஆகவே வாயால் மெதுவாக மூச்சுவிட்டபடி முதல் மூன்று நான்கு நிமிடங்களைக் கடந்துவிடுங்கள். இரண்டு முகக்கவசங்கள் அணிந்து, அவற்றின் இடையில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. தைலத்தை மூக்குக்குள் தடவாதீர்கள், எரிச்சல் தாங்காது. கட்டியாகப் பூசிக்கொண்டு, மூக்கே இல்லாதவர்போல வேலை செய்வதும் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் செவிலியருக்கு மூக்கு ஒரு கருவி. தார் போன்ற கறுத்த மலத்தின் தனி நாற்றம் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிவதைச் சொல்லலாம்; மூச்சில் வரும் பழவாசம் சர்க்கரை நோயாளியின் உடலில் கீட்டோன் என்னும் கொழுப்புச் சிதைவுப் பொருள் பெருகியதைச் சொல்லலாம்; பச்சைச் சீழும் இனிப்புக் கலந்த வாடையும் சூடோமோனாஸ் கிருமியை நினைவூட்ட வேண்டும்.

படி 5: கட்டு மாற்றும்போது கண்ணுக்கு வேலை கொடுங்கள்

கட்டுப் பிரிக்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தூசியும் கிருமியும் திறந்த புண்ணில் விழக்கூடாது. மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையை வாய் விரித்துக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பழைய காஸ் துணி புண்ணோடு ஒட்டியிருந்தால், நார்மல் சலைன் (மருத்துவ உப்புநீர்) ஊற்றிச் சற்றுப் பொறுத்து, ஊறிய பிறகே எடுங்கள். பிய்த்தெடுத்தால் நோயாளிக்கு வலிக்கும், கசியும் இரத்தத்தைப் பார்த்து உங்களுக்கும் தலை சுற்றும். நாற்றத்தின் பெரும்பகுதி அந்தப் பழைய துணியில்தான் இருக்கிறது; அதை உடனே பையில் போட்டு வாயை மடித்தால் வித்தியாசம் தெரியும்.

இனி புண்ணைப் "பார்க்க" வேண்டாம், அளக்கத் தொடங்குங்கள். நீளம் என்ன, ஆழம் என்ன, தளம் சிவப்பா, மஞ்சளா, கறுப்பா, கசிவின் நிறமும் அளவும் வாடையும் என்ன என்று, குறிப்பேட்டில் எழுதப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டே போனால், அருவருப்புக்கு இடம் குறைந்துவிடும். புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் எண்ணெய் விட்டு, வெளியே நெளிந்து வரும் புழுக்களை ஃபோர்செப்ஸால் எடுத்த முதல் நாளில், நான் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினேன், நாற்பத்து மூன்று. எண்ணிக்கொண்டிருந்ததால் வாந்தி வரவில்லை. நோயாளியின் சளியைக் குழாயால் உறிஞ்சும் சக்ஷன் போடும்போதும் இதுவே உதவும்: ஒரு முறை உறிஞ்சுவது 10 முதல் 15 விநாடிகளுக்கு மேல் நீளக்கூடாது என்பதால், எண்ணுவது அங்கே கடமையும் ஆகிறது.

படி 6: முகத்தைப் பழக்குங்கள்

முகக்கவசம் வாயை மறைக்கும், புருவத்தை மறைக்காது. நோயாளி உங்கள் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கோவைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "நாத்தம் அடிக்குதா கண்ணு?" என்று கூசிப்போய்க் கேட்டபோது, என் மாணவி, "காத்தால கட்டு மாத்தலீங்கய்யா, அதானுங்க. இப்ப மாத்திட்டாச் சரியாயிடும்" என்றாள். பொய்யும் சொல்லவில்லை, அவரைக் குறுகவும் வைக்கவில்லை. வெளியே போயே தீர வேண்டிய நிலை வந்தால், புண்ணை ஸ்டெரைல் காஸால் மூடி, கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்தி, "ஒரு நிமிஷத்துல வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 7: முடிந்த பிறகு

கையைச் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடிகள் கழுவுங்கள். விடுதிக்குத் திரும்பியதும் சீருடையை மாற்றித் தலைக்குக் குளியுங்கள்; வாடை தலைமுடியில்தான் அதிக நேரம் தங்குகிறது. இரத்தமோ ஊசியோ எதுவும் இல்லாமலே மயக்கம் வந்தாலும், ஓடும்போதோ படியேறும்போதோ வந்தாலும், அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயலாமல் மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கடைசிவரை ஒத்துவராது. எனக்கு அது சளிக்கோப்பை. என்னோடு படித்தவளுக்கு வாந்தி. அவளுடைய நோயாளியின் சளிக்கோப்பையை அவள் கழுவுவாள், என் நோயாளியுடையதையும் சேர்த்து. எங்கள் இருவருடைய நோயாளிகளும் வாந்தி எடுத்த பேசின்கள் என் கணக்கு. மூன்று ஆண்டுகளும் அப்படியே போயின.