துபாயில் ஃப்ளாட் வாங்குகிறீர்களா? சுவரைத் தட்டிப் பார்ப்பதை விடுங்கள்

துபாயில் புதிய ஃப்ளாட்டுகளில் சாவி வாங்கும் முன் குறைகளைத் தேடிப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் தொழில். இங்கே அதற்கு ஸ்னாகிங் என்று பெயர். என்னை அழைப்பவர்களில் நம்மவர்கள் நிறைய. ஷார்ஜாவில் வேலை பார்த்துக்கொண்டே முதலீட்டுக்கு வாங்குகிறவர்கள் உண்டு. கோவையை விட்டு நகராமலே வாங்குகிறவர்களும் உண்டு. வாடகை எவ்வளவு வரும், எத்தனை சதவீதம் நிற்கும் என்ற கணக்கு எல்லோருக்கும் விரல்நுனியில் இருக்கிறது. கட்டடம் எப்படி இருக்கிறது என்று வரும்போது மட்டும், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே வேண்டாத இடங்களையே பார்க்கிறார்கள்.

டைல்ஸில் கீறல், பெயின்ட் திட்டு, ஆடும் கதவுப்பிடி ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை யார் கண்ணுக்கும் படும். பில்டரும் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுத்துவிடுவார்.

மாதிரி வீட்டைப் பார்த்து மயங்குவது

விற்பனை அலுவலகத்துக்குள் கட்டி வைத்திருக்கும் மாதிரி வீட்டில் கட்டடமே இல்லை. அலங்காரம் மட்டுமே இருக்கிறது. மேலே இன்னொரு வீட்டின் குளியலறை கிடையாது. பக்கத்தில் குழாய்ப் பாதை கிடையாது. வெயில் படும் வெளிச்சுவர் கிடையாது. ஒப்பந்தத்தில் பொருள்களைப் பற்றிய பத்தியைப் படித்தால் 'அல்லது அதற்கு இணையானது' என்ற சொற்கள் பதுங்கி இருக்கும். மாதிரி வீட்டின் குழாயும் உங்கள் வீட்டுக் குழாயும் வேறு வேறாவது அந்த வரியின் புண்ணியத்தால்தான்.

அதே பில்டர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கட்டடம் ஒன்றுக்குப் போங்கள். மேலே ஏற வேண்டாம். கீழ்த்தள கார் நிறுத்தத்துக்கு இறங்குங்கள். துபாய் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு அதிகம். நீர்த்தடுப்பு சரியில்லையென்றால் சுவர் அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கம்பி துருப்பிடித்த இடத்தில் கான்கிரீட்டின் மேல் செம்பழுப்புக் கறை இறங்கும். தூணை மறைத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காவலாளியிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மாடியில் எப்போது தண்ணீர் ஒழுகியது என்பது நிர்வாகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பில்டர் பெயர் ஒன்றாக இருந்தாலும் கட்டிய ஒப்பந்தக்காரர் வேறாக இருக்கலாம். அந்தப் பெயரையும் கேளுங்கள்.

சுவரைத் தட்டுவது

ஊரில் சொந்த வீடு கட்டிய அனுபவசாலி மாமா ஒருவர் கூடவே வருவார். வந்ததும் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். 'உள்ளே ஒன்றுமே இல்லையே, அட்டைச் சுவர் மாதிரி இருக்கிறதே' என்பார். அடுக்குமாடியில் பாரத்தைத் தாங்குவது தூணும் உத்திரமும் தளமும்தான். அறைக்கு அறை நிற்பது வெறும் தடுப்புச் சுவர். அது ஹாலோ பிளாக்காகவோ ஜிப்சம் பலகையாகவோ இருப்பதில் குற்றமில்லை. தட்டத்தான் வேண்டும் என்றால் தரை டைல்ஸைத் தட்டுங்கள், மாமா. அங்கே வெற்றோசை கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். நாளைக்கு ஒரு கட்டில் கால் பட்டாலே உடையும்.

எஸ்க்ரோ கணக்கைத் தரச் சான்றிதழாக நினைப்பது

துபாயின் 2007ஆம் ஆண்டு 8ஆம் எண் சட்டம் உங்கள் தவணைப் பணத்தை எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. பணம் வேறு திட்டத்துக்குப் போகாமல் இருக்க அது காவல். குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு ஓர் அடுக்கா இரண்டு அடுக்கா என்று எஸ்க்ரோ பார்ப்பதில்லை.

குளிர்காலத்தில் சாவி வாங்கிப் பூட்டி வைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். அதிகப் பணத்தைக் கரைப்பதும் இதுதான்.

விற்பனை முகவர் 'பத்து வருட கேரன்டி' என்று சொல்லியிருப்பார். அது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டப்படி, கட்டமைப்புக் குறைகளுக்குத்தான் பத்து ஆண்டுப் பொறுப்பு. ஏசி, மின்சாரம், குழாய், கழிவுநீர் போன்றவற்றுக்கு, வீட்டை உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஓர் ஆண்டு மட்டுமே. சாவியை வாங்க மாட்டேன் என்று இழுத்தடித்தாலும் பயனில்லை. அப்போது அந்த ஓராண்டு, பணி நிறைவுச் சான்றிதழ் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தூண் விழுந்து யாரும் என்னிடம் வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வருவது அந்த ஓராண்டு வகையோடுதான்.

இனி ஏசி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பல கட்டடங்களில் ஐந்தாறு டிகிரிக் குளிர்நீர் குழாய் வழியாக வந்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தொங்கும் ஏசி பெட்டியின் சுருளுக்குள் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. குழாயைச் சுற்றி ரப்பர் உறை இருக்கும். குழாய் வளையும் இடம், கிளாம்ப் பிடிக்கும் இடம், வால்வு இருக்கும் இடம் ஆகியவற்றில் உறையைச் சரியாக ஒட்டாமல் விடுவது அவசர வேலையின் அடையாளம். ஜூலை, ஆகஸ்டில் இங்கே ராத்திரியில்கூட ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். அந்தக் காற்று உறையில்லாத இடத்தில் பட்டால் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து ஜிப்சம் பலகையில் விழும். ஜனவரியில் காற்றில் அவ்வளவு நீர் இருக்காது. அதே இடைவெளியில் நீர் கோப்பது கண்ணில் படாமலே போகலாம். ஜனவரியில் சோதித்தால் எந்த ஏசியும் தேறும்.

கோவைக்காரர் ஒருவரின் ஒரு படுக்கையறை ஃப்ளாட் இப்படித்தான் ஆனது. பவர் வைத்திருந்த உறவினர் ஜனவரியில் சாவி வாங்கினார். ஸ்னாகிங் செலவு வேண்டாம் என்று அவரே அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வாடகை ஏறட்டும் என்று வீட்டைப் பூட்டி வைத்தார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று ஏசிக்கான குளிர்நீர் இணைப்புக் கணக்கும் திறக்கவில்லை. கோடை முழுக்க ஏசி ஓடாமல் வீடு அடைந்து கிடந்தது. பக்கத்து வீடுகள் குளிர்ந்திருந்ததால் நடுச்சுவர் சில்லென்று இருக்க, பால்கனிக் கதவு இடுக்கில் வந்த ஈரக்காற்று அதில் படிந்தது. நான் போனது மறுவருடம் ஜூலையில், வாடகைக்கு வந்தவர் காலி செய்கிறேன் என்று மிரட்டிய பிறகு. அலமாரியின் பின்பலகையில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. நடைவழியின் சீலிங்கைத் திறந்தேன். வால்வுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு உறை இல்லை. அதற்கு நேர் கீழே பலகை ஊறி, தேநீர்க் கறை நிறத்தில் வட்டம் போட்டிருந்தது. விரலால் தொட்டேன், உள்ளே போய்விட்டது.

'தம்பி, பத்து வருடம் கேரன்டி என்று சொன்னார்களே?' என்று கோவைக்காரர் போனில் கேட்டார். சாவி வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பில்டர் அலுவலகம் தேதியைக் காட்டிக் கையை விரித்தது. சீலிங், அலமாரி, பெயின்ட், அந்த இடைவெளியில் போன வாடகை எல்லாம் அவர் தலையில் விழுந்தன. உறையைச் சுற்ற எனக்கு ஆன நேரம் பத்து நிமிடம்.

ஆகவே குளிர்காலத்தில் சாவி வந்தால் இரண்டு சோதனைகள் தேவை. முதல் நாளில் ஏசி பெட்டியின் கதவைத் திறக்கச் சொல்லி, செல்போன் விளக்கில் குழாய் உறை முழுவதையும் படம் எடுங்கள். பெட்டிக்கு அடியிலுள்ள தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது வடிகால் வழியே போகிறதா, அப்படியே தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். சரிவு தப்பாகக் குழாய் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது சோதனை ஜூலையிலோ ஆகஸ்டிலோ. ஏசியை முழுதாக ஒரு நாளாவது ஓடவிட்டு, மறுபடி மேலே பார்க்க வேண்டும். கண்டதைப் படத்தோடு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். சொல்லிவிட்டேன், பார்க்கிறேன் என்றார்கள் என்பது கணக்கில் வராது. பூட்டி வைக்கத்தான் வேண்டும் என்றால் ஏசியை மிதமாக ஓடவிடுங்கள். அந்தக் கட்டணத்தையும் லாபக் கணக்கில் இப்போதே கழித்துவிடுங்கள்.

மழையே பெய்யாத ஊர் என்று நம்புவது

2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அமீரகம் கண்டிராதது. அல் ஐன் பகுதியில் ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. அதற்கு முன் கட்டிய ஃப்ளாட்டை வாங்குவதாக இருந்தால் அந்த நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஜன்னல் ஓரம் ஒழுகியதா, லிஃப்ட் குழியில் தண்ணீர் நின்றதா, கார் நிறுத்தம் மூழ்கியதா? ஜன்னல் இடுக்கில் தூசியைத் தடுக்க மட்டும் பூசிய சீலன்ட் பசை அன்றைக்கே தோற்றிருக்கும். புதிய கட்டடம் என்றால் பால்கனியின் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டச் சொல்லுங்கள். மறுநாள் கீழ்வீட்டுப் பால்கனியின் சீலிங்கைப் பாருங்கள்.

பழைய அடுக்குமாடியின் வெளிப்பலகையைப் பற்றிக் கேட்காதது

துபாய் மரீனாவில் உள்ள டார்ச் டவர் அடுக்குமாடி 2015இலும் 2017இலும் எரிந்தது. 2015 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கூட்டத்தின் கண்முன்னே அட்ரஸ் டவுன்டவுன் ஹோட்டல் எரிந்தது. வெளிச்சுவரில் ஒட்டிய அலுமினியப் பலகைகளின் நடுவே பிளாஸ்டிக் இருந்தால் தீ மாடி மாடியாகத் தாவும். 2017இல் தீ விதிமுறைகள் இறுக்கப்பட்டன. அதற்கு முந்தைய கட்டடம் என்றால் பலகை மாற்றப்பட்டதா, மாற்றினால் செலவு யாருடையது என்று உரிமையாளர் குழுவிடம் கேளுங்கள். பதில், கட்டடப் பராமரிப்புக்கு நீங்கள் கட்டும் சர்வீஸ் சார்ஜில் வந்து உட்காரும்.

வீடியோ காலில் வீடு பார்ப்பது

நாற்றம் தெரியாது.

சர்வீஸ் சார்ஜ் குறைவு என்று மகிழ்வது

லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இருட்டிய பிறகு சாவி வாங்கப் போவது

காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.