ஜப்பானீஸ் படிக்கிற நம்மாளுங்க பண்ற தப்புகள், முக்கியமா அந்த இங்கிலீஷ் சுத்து வழி

ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிங்க வந்ததுலேர்ந்து நம்மூர்ல ஜப்பானீஸ் கிளாஸ் போறவங்க அதிகமாயிட்டாங்க, அனிமே பாத்து ஆசைப்பட்டு வர்ற பசங்க தனி. நானும் ஒரு கிளாஸ்ல சேர்ந்துதான் ஆரம்பிச்சேன். முதல் வருஷம் ரொம்ப திணறினேன், அதுக்குக் காரணம் ஜப்பானீஸ் இல்ல, தமிழ் வாயில வெச்சுக்கிட்டு அதை இங்கிலீஷ் வழியா படிச்சதுதான்னு புரியவே ரொம்ப நாள் ஆச்சு. இப்ப புதுசா சேர்றவங்க யாரும் அந்த ஒரு வருஷத்தை வீணாக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

நம்ம புக்கு எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கும், வாத்தியாரும் இங்கிலீஷ்லயே விளக்குவாங்க, அதனால தமிழ்ல தோணுறதை இங்கிலீஷுக்கு மாத்தி, அங்கேர்ந்து ஜப்பானீஸுக்கு மாத்தி, வாக்கியத்தை ரெண்டு தடவை தலைகீழா புரட்டறோம். தேவையே இல்ல. ‘நேத்து வாங்கின புக்கு’ன்னு சொல்லணுமா, ‘கினோ கத்த ஹொன்’. கினோ நேத்து, கத்த வாங்கின, ஹொன் புக்கு, அதே வரிசை. ‘வர்றேன்னு சொன்னான்’ங்கறது ‘குரு தொ இத்த’, நடுவுல இருக்கற அந்த ‘தொ’தான் நம்ம ‘னு’. வேற்றுமை உருபை நாம சொல்லுக்குப் பின்னாடி ஒட்டற மாதிரிதான் அவங்களும் ஒட்டறாங்க, வினை கடைசியிலதான் வரும். இதையெல்லாம் விட எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம வினையெச்சம். ‘தபெதெ’ன்னா சாப்பிட்டு. அதோட பாக்கறதுங்கற சொல்லைச் சேர்த்து ‘தபெதெ மிரு’ன்னா சாப்பிட்டுப் பாக்கறது, அதாவது ருசி எப்படின்னு பாக்கறது, நாம சொல்ற அதே அர்த்தம்! ‘கத்தெ ஒகு’ன்னா வாங்கி வைக்கறது. ‘தபெதெ ஷிமத்த’ன்னா சாப்பிட்டுட்டேன், அந்த ‘ட்டேன்’ல இருக்கற ‘ஐயோ முடிஞ்சுபோச்சே’ங்கற தொனி வரைக்கும் ஒத்துப்போகும். இங்கிலீஷ் புக்கு இதுக்கு ரெண்டு பக்கம் விளக்கம் குடுக்கும், நம்ம வீட்டு பாட்டிக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

இந்த சந்தோஷத்துல அடுத்த தப்பு வரும். ‘ஜப்பானீஸ் தமிழ்லேர்ந்து வந்தது’ன்னு வாட்சப்ல சுத்துற மெசேஜை நம்பிடறது. சுசுமு ஓனோங்கற ஜப்பானிய அறிஞர் ரெண்டு மொழிக்கும் உறவு இருக்குன்னு வருஷக்கணக்கா வாதாடினார், உண்மைதான், ஆனா பெரும்பாலான மொழியியல்காரங்க அதை ஏத்துக்கல. அமைப்பு ஒத்துப்போறதுக்கும் ரத்த உறவுக்கும் வித்தியாசம் இருக்கு, துருக்கி மொழி கொரிய மொழியிலயும் வினை கடைசியிலதான் வருது. ஜப்பான்காரங்ககிட்ட போய் உங்க மொழி எங்களோடதுன்னு ஆரம்பிச்சா பேச்சு அதோட நின்னுடும், கத்துக்க வந்தவங்க அப்படி ஆரம்பிக்கக் கூடாது.

தமிழை நம்பி கால் வழுக்கற இடமும் உண்டு. நமக்கு ஆள் இருந்தாலும் நாற்காலி இருந்தாலும் ‘இரு’ங்கற ஒரே வினைதான், அவங்களுக்கு ஆளும் விலங்கும்னா ‘இரு’, பொருள், செடி, மரம்னா ‘அரு’. ‘இரு’ங்கற சத்தம் நமக்கு ரொம்பப் பழகினதால எல்லாத்துக்கும் அதையே போட்டுடுவோம், கவனமா இருங்க.

எழுத்து விஷயம்தான் நிறைய பேரைக் கவுத்து விடுது. ஹிரகானாங்கற ஜப்பானீஸ் அடிப்படை எழுத்து கஷ்டம்னு தள்ளிப்போட்டு நோட்டுல எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதி வெச்சுக்கறாங்க, நானும் ஆறு மாசம் அப்படித்தான் எழுதினேன். நம்ம எழுத்துல க-வுக்கு ரெண்டு சத்தம், த-வுக்கு ரெண்டு சத்தம், அதனால தங்கம்னு அர்த்தம் வர்றதும் ‘கின்’, வெள்ளின்னு அர்த்தம் வர்றதும் ‘கின்’! வெள்ளிக்கு ‘கங்கை’யில முதல்ல வர்ற க மாதிரி அழுத்திச் சொல்லணும், ஆனா நோட்டைப் பாத்தா எப்படித் தெரியும்? இன்னும் மோசம், யூனிவர்சிட்டிக்கும் ‘தைககு’, படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போறதுக்கும் ‘தைககு’. இன்டர்வியூல இதை மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் எழுத்துல எழுதினா வேற பிரச்சனை, நெடில் காணாமப் போயிடும், அத்தை ‘ஒபசன்’, பாட்டி ‘ஒபாசன்’, ஒரு கால்தான் வித்தியாசம். குறில் நெடில் சொல்லி வளர்ந்த காது நம்மது, இதை நாம தப்பு விடவே கூடாது. ஹிரகானா அடிப்படை எழுத்து 46தான், நாம சின்ன வயசுல 247 படிச்சவங்க. அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க வரிசைன்னு அது அடுக்கியிருக்கற முறையே பழகின மாதிரி இருக்கும், அந்தக் காலத்துல ஜப்பான் பௌத்த பிட்சுகள் சித்தம்ங்கற பழைய இந்திய எழுத்துல சமஸ்கிருதம் படிச்சதோட தாக்கம் அது. மூணு வாரம் ஒதுக்குங்க, போதும்.

மரியாதை. ‘நீங்க’ன்னா ‘அநத’ன்னு புக்குல போட்டிருக்கும், அதை நம்பி பெரியவங்களை அப்படிக் கூப்பிட்டா அவங்களுக்கு உறுத்தும், பேரோட ‘சன்’ சேர்த்துக் கூப்பிடுங்க, ஆனா உங்க பேருக்கு நீங்களே சன் போட்டுக்காதீங்க. வேலைக்குப் போறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும், வெளி கம்பெனி ஆள்கிட்ட நம்ம மேனேஜரைப் பத்திப் பேசும்போது அவருக்கு சன் சேர்க்கக் கூடாது, வெளியாளுக்கு முன்னாடி அவர் நம்ம ஆளு. எங்க இருந்தாலும் ‘சார்’னு சொல்லிப் பழகின நமக்கு வாய் வரவே வராது, எனக்கு இன்னும் ஒரு நொடி தயங்கும். ஆனா அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சின்னு நாலு சொல் அவங்களுக்கும் உண்டு, அந்த வசதி நமக்கு.

ஜேஎல்பிடிங்கற ஜப்பானீஸ் மொழித் தேர்வு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சுலபமான என்5லேர்ந்து கஷ்டமான என்1 வரைக்கும் அஞ்சு லெவல், எல்லாமே படிச்சும் கேட்டும் பதிலைத் தேர்ந்தெடுக்கறதுதான், பேச்சுத் தேர்வே கிடையாது. என்3 சர்ட்டிபிகேட் வெச்சிருக்கறவங்க ஃபோன்ல ரெண்டு வரி பேசத் தடுமாறறதை நான் பாத்திருக்கேன், முதல் நாள்லேர்ந்தே வாய் விட்டுப் பேசுங்க.

கடைசியா ஒண்ணு, இது எனக்கு மனசுக்கு நெருக்கமானது. ஜப்பான்னா ஒரே மொழின்னு நினைக்காதீங்க. ஒசாகாவுல ‘ஓகினி’ன்னு நன்றி சொல்லுவாங்க, நம்ம கொங்கு, நெல்லைத் தமிழ் மாதிரி அதுக்குன்னு ஒரு வாசம். தெற்கே ஒகினாவா பக்கத்து ரியூக்யூ மொழிங்க வட்டார வழக்கு இல்ல, தனி மொழிங்க. ஒரு காலத்துல அங்க ஸ்கூல்ல சொந்த மொழி பேசின பிள்ளைங்க கழுத்துல மரப்பலகையை மாட்டி அவமானப்படுத்தினாங்க. 2009ல யுனெஸ்கோ அழியற நிலையில இருக்கறதா பட்டியல் போட்ட மொழிகள்ல 8 ஜப்பான்ல இருக்கு, வடக்கே ஹொக்கைடோவுல பேசின ஐனுவும் அதுல ஒண்ணு. 2020ல அங்க ஷிராஓய்ல உபோபோய்ங்கற இடத்துல தேசிய ஐனு மியூசியம் திறந்தாங்க, காட்சிப் பலகையில முதல் இடம் ஐனு மொழிக்குத்தான். ஜப்பானீஸ் கொஞ்சம் கைவந்ததும் ஒரு ட்ரிப் போனீங்கன்னா, அங்க ‘கொன்னிச்சிவா’வுக்கு முன்னாடி ‘இரங்கரப்தே’ன்னு வணக்கம் சொல்லுங்க.