‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்ற கெஞ்சல் இல்லாமல் குழந்தையைச் சாப்பிட வைக்க

குழந்தை பிறந்தபோது இருந்த எடை முதல் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறைகிறது. போதாததற்கு, 2 முதல் 6 வயது வரை புது உணவைக் கண்டால் ஒதுங்கும் குணமும் தூக்கலாக இருக்கும். ‘நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை வாயையே திறப்பதில்லை’ என்ற கவலை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இதில் குழந்தையின் மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது தட்டை அல்ல, சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை. அரை டம்ளர் பால், இரண்டு பிஸ்கட், கொஞ்சம் ஜூஸ் என்று உள்ளே போயிருந்தால் அந்தச் சின்ன வயிற்றில் பசி எங்கிருந்து வரும்? ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 500 மில்லி பால் போதும். அளவு மீறினால் மற்ற உணவுக்கு இடமிருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் அந்தச் சத்தும் உடலில் குறையும். இரும்புச்சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். ‘சாப்பிடவில்லையே, பாலாவது குடிக்கட்டும்’ என்று கொடுப்பதே சாப்பாட்டைக் கெடுக்கிறது; சுழல் இதுதான்.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். வேறெதையும் மாற்ற முடியாதவர்கள் இதை மட்டும் இரண்டு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

அடுத்தது, யாருக்கு எந்த வேலை என்பது. அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பிரிவினை எளிமையானது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. இரண்டாம் பாதியில் நாம் தலையிடும்போதுதான் சண்டை வருகிறது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ‘சூப்பை முடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். ‘காயைத் தின்றால் இனிப்பு தருகிறேன்’ என்பதும் அழுத்தம்தான். காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய தண்டனை என்று அது கற்றுக்கொடுத்துவிடும்.

தட்டில் குழந்தை நிச்சயம் சாப்பிடும் ஒரு பொருள் இருக்கட்டும். அதன் பக்கத்தில், தொடாமல், புதியது ஒரு சின்ன ஸ்பூன் அளவு. குவித்து வைத்தால் பார்த்ததுமே பிள்ளை மிரண்டுவிடும். ‘வேண்டாமா? சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு உங்கள் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு புது உணவு பழக 8 முதல் 15 முறை கூட ஆகலாம். மூன்றாவது, நான்காவது முறையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தொடுவது, முகர்வது, நக்கிப் பார்ப்பது எல்லாம் கணக்கில் சேரும். துப்பவும் ஒரு சின்னக் கிண்ணம் வையுங்கள். துப்பலாம் என்று தெரிந்த குழந்தை வாயில் போட்டுப் பார்க்கத் துணியும்.

புதியதைப் பிடித்ததிலிருந்தே தொடங்கினால் பயம் குறையும். வறுத்த உருளைக்கிழங்கு பிடிக்குமானால், அடுத்து அதே வடிவில் வெட்டி வறுத்த கேரட், பிறகு வேகவைத்த கேரட். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பிடித்த உணவுக்குள் காயை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிடித்த உணவும் பட்டியலிலிருந்து போய்விடும்.

உட்காரும் இடத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கால் தொங்கினால் உடலை நிமிர்த்தி வைப்பதிலேயே குழந்தை களைத்துவிடும். பாதம் பதிய ஒரு பலகையோ பெட்டியோ வையுங்கள். ஒரு வேளைக்கு இருபது, அதிகம் போனால் முப்பது நிமிடம். பிறகு முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். போனைக் காட்டி ஊட்டினால் வயிறு நிறைந்ததே குழந்தைக்குத் தெரியாது. போனை எல்லா வேளையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அவசரமில்லாத ஒரு வேளையில் தொடங்குங்கள்.

முயற்சி பெரும்பாலும் உடைவது மூன்றாம் நாள் இரவில். எதையும் தொடாமல் எழுந்த குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் யாரோ பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் பிடித்தது வரும் என்ற பாடம் அங்கே பதிகிறது. இதைச் சமாளிக்க, தூங்கும் முன் ஒரு எளிய சிற்றுண்டியை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தினமும் உண்டு என்று முன்பே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேளையை வைத்து எடைபோடாதீர்கள். ஒரு வாரத்தில் உள்ளே போனதைக் கூட்டிப் பாருங்கள்.

எடை குறைவது, விழுங்கும்போது இருமல் அல்லது புரையேறல், அடிக்கடி வாந்தி, நாள்பட்ட மலச்சிக்கல், சாப்பிடுவது மொத்தமே இருபதுக்கும் குறைவான உணவுகள், அதிலும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஒரு வாரம் சாப்பிட்டது, குடித்தது, நேரம் எல்லாம் எழுதிய தாளைக் கையில் கொண்டுபோங்கள்.