டார்க் சோல்ஸ் 2 மேல் விழுந்த பழி நியாயமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

2014 மார்ச்சில் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்து, அடுத்த மாதமே பிசிக்கும் வந்த டார்க் சோல்ஸ் 2 என்ற வீடியோ கேமுக்கு விமர்சகர்கள் நல்ல மதிப்பெண்தான் கொடுத்தார்கள். கெட்ட பெயர் கிளம்பியது விளையாடியவர்களிடமிருந்து. ஹிட்பாக்ஸ் (அடி பட்டதாகக் கேம் கணக்கிடும் எல்லை) மோசம், எதிரிகளைக் கும்பலாகக் கொட்டிவிட்டார்கள், உலகத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, முதல் பாகத்தை இயக்கிய மியாசாகி இயக்காத பாகம். இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பத்து வருடத்துக்கு மேலாக ஒருவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த கேமை மறுபடி எடைபோட நினைக்கிறவர் முதலில் அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு புகாரும் எந்த வருடத்தது, எந்தப் பதிப்பைப் பற்றியது, கையில் விளையாடிப் பார்த்தால் நிற்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் புகார்களைப் பிரியுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். பேட்சில், அதாவது பின்னால் வந்த திருத்தத்தில், சரியாகிவிட்டது. பதிப்பைப் பொறுத்தது. கேம் சொல்லித்தராமல் விட்டது. உண்மையான வடிவமைப்புக் குறை. கேள்விப்பட்ட ஒவ்வொரு புகாரையும் இவற்றில் ஒன்றில் போடுங்கள். எங்கே போடுவது என்று தெரியாதவைதான் நீங்கள் சோதிக்க வேண்டியவை.

உதாரணத்துக்கு, "ஆயுதம் கண்ணாடி மாதிரி உடைகிறது" என்ற புகார். பிசியில் நொடிக்கு 60 ஃபிரேமில் (படத்தில்) ஓடும்போது ஆயுதம் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்த பிழை அது. 2015-இல் சரிசெய்துவிட்டார்கள். இன்றும் அதைச் சொல்பவர் பழைய செய்தியைச் சொல்கிறார். முற்றிலும் உடையாத ஆயுதம் பான்ஃபயரில் (ஓய்வெடுக்கும் தீமூட்டம்) உட்கார்ந்தாலே தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இந்தக் கட்டங்களில் அடங்காத புகார் ஒன்று உண்டு. 2013-இல் காட்டிய முன்னோட்டத்தில் தீப்பந்தமும் நிழலும் இருட்டும் அழுத்தமாக இருந்தன. விற்பனைக்கு வந்த கேமில் அந்த ஒளியமைப்பு வெகுவாகக் குறைந்துபோனது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது விளம்பரத்தின் மேல் வரவேண்டிய கோபம். இன்று கேமைப் புதிதாகத் திறப்பவரின் அனுபவத்தோடு அதைச் சேர்த்தால் கணக்கு தப்பும்.

எந்தப் பதிப்பு

2015 ஏப்ரலில் வந்த ஸ்காலர் ஆஃப் த ஃபர்ஸ்ட் சின் பதிப்பில் மூன்று டிஎல்சியும் (தனியாக வந்த கூடுதல் பகுதிகள்) சேர்ந்தே வரும். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசியில் அதில் எதிரிகளை இடம்மாற்றி வைத்திருக்கிறார்கள். பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அதே பெயரில் வந்தது வேறு: பழைய இட அமைப்போடு டிஎல்சி சேர்த்த தொகுப்பு. "கும்பல் அதிகம்" என்று ஒருவர் சொன்னால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். ஹைட்ஸ் டவர் ஆஃப் ஃப்ளேம் என்ற பகுதியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வீரர்கள் ஸ்காலர் பதிப்பின் ஏற்பாடு. நீங்கள் சீண்டாதவரை அவர்கள் சும்மா இருப்பார்கள். டிராகன்ரைடர் என்ற பாஸ் (பகுதியின் பெரிய எதிரி) செத்த பிறகுதான் எழுந்து வருவார்கள். இது தெரியாமல் ஒவ்வொருவரையும் முதலிலேயே தட்டி எழுப்பிச் சாகிறவர்கள் ஏராளம்.

இன்று எடைபோடுவதற்கு ஸ்காலர் போதும். பழைய பதிப்பும் கையில் இருந்தால் ஃபாரஸ்ட் ஆஃப் ஃபாலன் ஜயன்ட்ஸ், ஐயர்ன் கீப் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் இரண்டிலும் ஆடி ஒப்பிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் சரிசெய்ய வேண்டியவை

மவுஸில் ஆடினால் அமைப்புகளில் டபுள் கிளிக்கை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், இரண்டாவது கிளிக் வருமா என்று கேம் காத்திருப்பதால் சாதாரண வெட்டுகூடத் தாமதமாகும். "கன்ட்ரோல் மந்தம்" என்ற புகாரில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது.

கன்ட்ரோலரில் வேறு பிரச்சினை. அனலாக் ஸ்டிக்கின் டெட்ஸோன் (தொட்டும் அசைவு பதியாத எல்லை) பெரியது, திசைகளும் சில கோணங்களில் ஒட்டிக்கொள்ளும். குறுகலான பாலத்தில் நேராகப் போக நினைத்தால் கால் சாய்வாக இழுக்கும். ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் ஆன்டி-டெட்ஸோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஸ்டிக்கை லேசாகத் தொட்டதும் ஆள் நகரும் இடத்தில் நிறுத்துங்கள். இது கேமின் உண்மையான குறை. இதை நான்காவது கட்டத்தில் எழுதிவிட்டு, சரிசெய்துகொண்டு ஆடுங்கள்.

கேமின் மைய ஊரான மஜூலாவில் உள்ள கம்பெனி ஆஃப் சாம்பியன்ஸ் கல்லைத் தொட்டு அதில் சேர்ந்துவிடாதீர்கள். அது எதிரிகளைப் பலமாக்கும் உடன்படிக்கை. தெரியாமல் சேர்ந்து, கேம் அநியாயம் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

ஹிட்பாக்ஸ் சோதனை

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான திட்டு இங்கிருந்துதான் வருகிறது.

முதல் பாகத்தில் ரோலின் (அடியைத் தவிர்க்கப் போடும் உருளல்) தன்மை நீங்கள் சுமக்கும் எடையைப் பொறுத்தது. இதில் எடை 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரோல் சரியாக வரும். எடை குறையக் குறைய தூரம்தான் கூடும். ரோலின்போது அடி படாத நேரத்தைத் தீர்மானிப்பது அஜிலிட்டி. அது அடாப்டபிலிட்டி, அட்யூன்மென்ட் இரண்டு ஸ்டாட்டிலிருந்து (ஆளின் திறன் எண்கள்) கிடைக்கிறது. அஜிலிட்டி 85-இல் அடி படாத நேரம் 5 ஃபிரேம், 105-இல் 13 ஃபிரேம், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில். அதாவது ஏறக்குறைய 0.17 நொடி, 0.43 நொடி. உயிரை நிரப்பும் எஸ்டஸைக் குடிக்கும் வேகமும் இதோடு சேர்ந்தே மாறும். இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கேம் எங்கும் அழுத்திச் சொல்வதில்லை. முதல் பாகத்தின் பழக்கத்தில் வலிமையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனவர் கையில் கிடைத்தது பாதி ரோல்.

சோதிக்கும் விதம்: ஃபாரஸ்ட் ஆஃப் ஃபாலன் ஜயன்ட்ஸில் ஆமை ஓடு மாதிரி கவசம் போட்டு, பெரிய கதாயுதத்தோடு நிற்கும் வீரனைப் பிடியுங்கள். மெதுவாக ஓங்குவான். ஓங்கியபடியே உங்கள் பக்கம் திரும்புவான். கை இறங்கும் முன்பே ரோல் போட்டால் கதை உங்களைத் தேடி வரும். பின்னால் போய் நின்றால் முதுகோடு அப்படியே மல்லாந்து விழுந்து நசுக்குவான்.

ஆரம்ப அஜிலிட்டியோடு, அவனுடைய மேலிருந்து இறங்கும் அடியை 20 முறை ரோலில் தாண்டிப் பாருங்கள். எத்தனை அடி பட்டது என்று குறியுங்கள். பாஸ்களான லாஸ்ட் ஜயன்ட் 10,000 சோல் (லெவல் ஏற்றச் செலவிடும் நாணயம்), பர்சூவர் 17,000 சோல் தருவார்கள். அவற்றை அடாப்டபிலிட்டியில் போட்டு, லெவல் ஏற்றும் திரையில் அஜிலிட்டி 100-ஐத் தொடும் வரை ஏற்றுங்கள். திரும்பிப் போய் அதே வீரன், அதே அடி, இன்னொரு 20 முறை. கைப்பழக்கம் கூடியதாலும் எண்ணிக்கை குறையும் என்பதால், முதல் சுற்றுக்கு முன் பத்து முறையாவது ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இரண்டு சுற்றையும் 60 ஃபிரேமில் பதிவு செய்யுங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் வீடியோவை நிறுத்தி, ஆங்கில E விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். அடி பட்ட நொடியைப் பாருங்கள். உங்கள் ஆள் எழுந்து நிற்கத் தொடங்கியபின் கதை பட்டதா? ஆயுதம் இன்னும் உடம்புக்குள் இருக்கும்போது பாதுகாப்பு நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆயுதத்துக்கும் உடம்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தும் அடி விழுந்ததா? அதுதான் நிஜமான ஹிட்பாக்ஸ் குறை.

இரண்டாவது வகையும் இருக்கத்தான் செய்கிறது. பெட்டி வேடத்தில் இருக்கும் மிமிக்கும், ஆரம்பப் பகுதியிலேயே வரும் ஆகர் என்ற பெரிய மிருகமும் பிடிக்கும் பிடியைப் பதிவு செய்து பாருங்கள். கை எட்டாத இடத்திலிருந்து ஆள் இழுபட்டுப் போய்க் கையில் ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சாக்கு கிடையாது. ஆனால் வாள், கதை, ஈட்டி அடிகளில் புகாரின் பெரும்பகுதி அஜிலிட்டியில் போய் முடியும். அப்படியானால் கேம் குற்றமற்றதா? இல்லை. ஓர் அடிப்படை அசைவை ஸ்டாட்டுக்குள் பூட்டி வைத்து, சாவி எங்கே என்று சொல்லாமல் விட்டது வடிவமைப்பாளர்களின் தவறுதான். புகாரின் பெயர் மட்டும் மாறுகிறது.

ஆன்லைனில் இன்னொரு ஆட்டக்காரரிடம் பட்ட அடிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே நெட்வொர்க் தாமதமும் கலந்திருக்கும்.

கும்பலும் ஓட்டமும்

மற்ற சோல்ஸ் கேம்களில் பழகியவர்கள் பாஸ் அறை வரை யாரையும் தொடாமல் ஓடிவிடுவார்கள். இங்கே அந்த அறையின் பனிமூட்டக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போதும் அடி விழும், அந்த அசைவு பாதியில் அறுந்துபோகும். பின்னாலேயே ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்தவர் கதவு வாசலில் சாவார். இது ஓடுகிறவரைத் தடுக்க வைத்த ஏற்பாடு. அதற்கு ஈடாக, ஒரே எதிரியைச் சுமார் ஒரு டஜன் முறை கொன்றால் அவன் மறுபடி வரமாட்டான்.

ஆகவே ஒரு பகுதியை இரண்டு விதமாக ஆடிப் பாருங்கள். ஒருமுறை ஓட்டம். ஒருமுறை வில்லால் ஒவ்வொருவராகப் பிரித்து இழுத்து, கூட்டத்தைக் கலைத்து. நோ-மேன்ஸ் வார்ஃபில் தீப்பந்தம் ஏற்றிக்கொண்டு போங்கள். இருட்டில் பதுங்கும் நீண்ட கைப் பிராணிகள் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். செல்டோராவின் சிலந்திகளும் அப்படியே. முன்னோட்டத்தில் காட்டிய தீப்பந்தத்தின் மிச்சம் இந்த இடங்களில் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது விதத்தில் ஆடும்போது பல பகுதிகள் வேறு கேம் மாதிரி தெரியும்.

எல்லாப் பகுதியும் அப்படித் தப்பிக்காது. ஐயர்ன் கீப்பில் ஸ்மெல்டர் டீமனை நோக்கிப் போகும் வழியில், ஸ்காலர் பதிப்பின் அலோன் வீரர்களை நிதானமாக ஆடினாலும் அலுப்புதான் மிஞ்சும். ஒருவனோடு மோதும்போதே அடுத்தவன் வில்லை எடுப்பான், தூரத்தில் நிற்பவனும் ஓடிவருவான். ஒவ்வொரு சாவுக்கும் இதே வழி. இங்கே புகார் முழுக்க நியாயம்.

சாகும்தோறும் உச்ச உயிர் 5 சதவீதம் குறைந்து பாதி வரை இறங்குவதும் பலரை விரட்டியது. ஹைட்ஸ் டவரில் கிடைக்கும் ரிங் ஆஃப் பைண்டிங் அதை 75 சதவீதத்தில் நிறுத்தும். மஜூலாவில் மெலன்ஷியா என்ற வியாபாரியிடம் உயிரை நிரப்பும் லைஃப்ஜெம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கையில் இருந்தால் இந்தப் புகார் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

உலகம், பாஸ்கள்

எர்தன் பீக்கின் காற்றாலை உச்சியில் ஒரு லிஃப்ட். அது மேலே போய் எரிமலைக் குழம்பில் நிற்கும் கோட்டையில் திறக்கும். வெளியே நின்று பார்த்தால் மேலே அப்படி ஒரு மலையே கிடையாது. இந்தப் புகாரைச் சோதிக்க ஒன்றுமில்லை, உண்மைதான். ஒப்பிடும்போது மட்டும் நேர்மை வேண்டும். முதல் பாகத்தின் முன்பாதியில் பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட அழகை எடுத்து வைத்தால், அதன் பின்பாதியில் வரும், அதிகம் திட்டு வாங்கிய லாஸ்ட் இசாலித் பகுதியையும் அதே தராசில் வையுங்கள்.

பாஸ்களுக்கு எளிய வழி உண்டு. ஒவ்வொரு பாஸ் முடிந்ததும் மூன்று சொல்லுக்குள் குறிப்பு எழுதுங்கள். கோவெட்டஸ் டீமன், ராயல் ராட் அதாரிட்டி போன்றவற்றுக்கு என்ன எழுதுவீர்கள் என்பது தெரிந்ததே. எதிரே இன்னொரு ஆட்டக்காரரையே கண்ணாடியிலிருந்து இறக்கிவிடும் லுக்கிங் கிளாஸ் நைட்டுக்கு எழுதும்போது பேனா நிற்கும். எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை எவை, யோசித்துச் செய்தவை எவை என்று பட்டியலே சொல்லிவிடும்.

மியாசாகி இல்லை என்ற புகாரை ஆதாரமாக எடுக்க வேண்டாம். இயக்கியவர்கள் டொமோஹிரோ ஷிபுயா, யுய் டனிமுரா. அந்த டனிமுரா 2022-இல் எல்டன் ரிங்கின் இணை இயக்குநர். இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்து ஒருசேர வீசும் பவர்ஸ்டான்ஸ் முதலில் வந்தது இரண்டாம் பாகத்தில். எல்டன் ரிங்கில் திரும்பி வந்தது. ஒரு பகுதியை மட்டும் அடுத்த சுற்றின் கடினத்துக்கு ஏற்றும் பான்ஃபயர் அசெடிக்கையும் ஒருமுறையாவது எரித்துப் பாருங்கள். எரித்தால் திரும்பக் குறைக்க முடியாது, அதனால் பாஸை வீழ்த்திய பகுதியில் எரியுங்கள்.

தீர்ப்பை எப்போது எழுதுவது

நான்கு பெரிய ஆன்மாக்களை வைத்திருக்கும் பாஸ்களை முடித்து, டிராங்லீக் கோட்டைக்குள் நுழையும் வரை எதையும் முடிவாக எழுதாதீர்கள். ஆரம்ப மணிநேரங்களில் எஸ்டஸ் குறைவு, அஜிலிட்டி குறைவு, அறிமுகமும் குறைவு. கேம் மிக மோசமாகத் தெரிவது அப்போதுதான்.

மூன்று டிஎல்சிக்கும் தனி மதிப்பெண் போடுங்கள், மூலக் கேமோடு கலக்காதீர்கள். ஃப்யூம் நைட், சர் அலோன், பர்ன்ட் ஐவரி கிங் மூன்றும் இந்தத் தொடரின் எந்தப் பாகத்தோடும் நின்று பேசக்கூடியவை. சங்கன் கிங் டிஎல்சியில் அடித்தால் நகரும் தூண்களும் பாதை திறக்கும் புதிர்களும், மூலக் கேமில் காணாமல்போன இட நேர்த்தி இவர்களுக்குத் தெரியாததல்ல என்று காட்டும். அதே டிஎல்சிகளில்தான் ஃப்ரிஜிட் அவுட்ஸ்கர்ட்ஸும் இருக்கிறது. பனிப்புயலில் எதிரே எதுவும் தெரியாது, புயல் அடிக்கும்போதெல்லாம் குதிரைகள் பாயும், இறந்தால் முழு வழியும் மறுபடி. அதைத் தனியாக இரண்டு முறை முயன்று பார்த்து, மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு, விட்டுவிடுங்கள். கதையை முடிக்க அந்தப் பகுதி தேவையில்லை.