காதுகுத்து முதல் நிலைக்கால் கோடு வரை: டெல்டா வீட்டுக்கு ஒரு வருஷக் கணக்கு

விசேஷம் என்றதும் முதலில் பஞ்சாங்கத்தைத்தான் எடுக்கிறோம். டெல்டாவில் அதைக் கடைசியாக எடுப்பது உத்தமம். வயல், பள்ளிக்கூடம், குழந்தையின் தடுப்பூசி அட்டை என்று மூன்றையும் பார்த்துவிட்டு, மிச்சமாகும் நாட்களுக்குள் முகூர்த்தம் தேடுங்கள்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு. பந்தல்காரரும் சமையல்காரரும்கூட வயலில் நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் உண்டு, மழையும் உண்டு. அப்போது வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் வாசல் பந்தலை மறந்து மண்டபம் பிடியுங்கள். ஆடியும் மார்கழியும் எப்படியும் இல்லை. சம்பா அறுப்பு தையில் தொடங்கும். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணம் கணக்கில் ஏற மாசி ஆகிவிடும். ஆகவே கையில் காசு, மழையில்லாத வானம், தாங்கக்கூடிய வெயில் மூன்றும் சேர்ந்து அமைவது மாசி பிற்பாதியிலும் பங்குனி தொடக்கத்திலும்தான். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை உள்ள வீடு மட்டும் வைகாசிக்குத் தள்ளிக்கொள்ளட்டும்.

மொட்டை, காதுகுத்து

குலதெய்வம் கோயிலோ, வைத்தீஸ்வரன் கோயிலோ, மொட்டையும் காதுகுத்தும் பெரும்பாலும் ஒரே நாளில்தான். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ரண ஜன்னிக்கான பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. அந்த மூன்றும் முடியுமுன் காது குத்த வேண்டாம். எந்த ஊசிக்கும் விசேஷத்துக்கும் நடுவே ஒரு வாரமாவது விடுங்கள். ஊசிக் காய்ச்சலா, காதுப் புண் காய்ச்சலா என்று பிறகு தடுமாற வேண்டியிருக்காது.

மொட்டை முதலில், குளிப்பாட்டு, பிறகு காது. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. பிளேடு மட்டும் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். கத்தி படுமுன் தலையை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக ஊறவையுங்கள். அவசரத்தில் அரைகுறையாக நனைத்த தலையில்தான் கீறல் விழும். உச்சிக்குழி மூடுவதற்கு ஒன்றரை வயதுவரை ஆகலாம் என்பதால் அந்த இடத்தில் கை லேசாகப் போகச் சொல்லுங்கள். சந்தனம் கல்லில் உரைத்ததாக இருக்கட்டும்; வாசனை கலந்த பாக்கெட் தூள் புதுத் தோலில் எரியும்.

காதில் தவறு நடப்பது குத்தும்போது அல்ல, புள்ளி வைக்கும்போது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்ததும் குழந்தை ஒரு பக்கமாகச் சாயும். அந்த நிலையில் காது குத்தும் பத்தர் புள்ளி வைத்தால் ஒரு துளை மேலே, ஒன்று கீழே போய்விடும். அழுகை தொடங்குமுன், குழந்தையை நேராகத் தூக்கிப் பிடித்து, எதிரே நின்று இரண்டு மடலிலும் புள்ளி வையுங்கள். ஒரு கை தள்ளி நின்று இன்னொருவரும் சரிபார்க்கட்டும். மடலின் நடுவே இருக்க வேண்டும். கீழே தள்ளிப் போனால் நாளைக்கு ஜிமிக்கி கனத்தில் துளை நீண்டு மடல் அறுந்துவிடும். மேலே ஏறிக் குருத்தெலும்பில் பட்டால் சீழ் பிடித்து ஆறாமல் இழுக்கும்.

கம்பி 22 காரட் தங்கமாக இருக்கட்டும். மலிவான தோட்டில் நிக்கல் இருந்தால் அரிப்பு எடுத்து நீர் வடியும். வளையத்தைத் தளர்வாக முறுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மடல் வீங்கும், இறுக்கமாக இருந்தால் கம்பி சதைக்குள் புதைந்துவிடும். 250 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்புக் கரைத்து, தினமும் இருவேளை பஞ்சால் துடையுங்கள். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அழுக்கைப் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. ஆறு வாரம் கழற்றக் கூடாது, குளத்திலோ ஆற்றிலோ முழுக்கும் கூடாது. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

பந்திக்கு நூறு பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி. மொய் நோட்டில் பெயரோடு ஊரும் எழுதுங்கள். "செல்வராஜ் 500" என்று மட்டும் இருந்தால் திருப்பிச் செய்யும்போது எந்தச் செல்வராஜ் என்று தேடவேண்டி வரும்.

காகிதங்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம்வரை தாமதக் கட்டணத்தோடு. முதல் பிறந்தநாள் ஆயுஷ்ஹோமத்துக்குள் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இனிஷியலையும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பெற்றோர் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். ஐந்து வயதில் ஆதாரில் கைரேகை சேர்க்க வேண்டும்.

விஜயதசமி

பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று நிற்க இடமிருக்காது. விடியலில் போக முடியாதென்றால் வீட்டிலேயே முதல் எழுத்தை எழுதவையுங்கள், பிறகொரு நாள் கோயிலுக்குப் போகலாம். நெல்லுக்குப் பதில் பச்சரிசி பரப்புவது நல்லது. நெல்லின் சுணை பிஞ்சு விரலில் குத்தினால் குழந்தை கையை இழுத்துக்கொண்டு "அ"வோடு எழுந்து ஓடிவிடும்.

ஊர் சுற்றல்

ஆடிப்பெருக்கன்று படித்துறையில் பாசி வழுக்கும், மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாது. சின்னப் பிள்ளைக்குக் கடைசிப் படிக்கு மேலேயே சொம்பால் ஊற்றினால் போதும். கட்டுச்சோற்றில் புளியோதரை தாங்கும். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியம்வரை புளிக்காது.

கோடை விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலோ தாராசுரமோ போவதென்றால் காலை எட்டுக்குள் போங்கள். பத்துக்கு மேல் கல்தரை வெறுங்காலைப் பொசுக்கும். தரங்கம்பாடியில் 1620-ல் கட்டிய டேனியர் கோட்டையும் கடலும் அடுத்தடுத்து இருப்பதால் நடக்கச் சலிக்கும் பிள்ளைக்குத் தோது. வடுவூர் ஏரியும் கோடியக்கரையும் பறவைக்காக என்றால் மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில்.

ரயிலில் ஐந்து வயதுக்குள் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12-க்குள் என்றால் இடமில்லாமல் அரை டிக்கெட், படுக்கையோடு முழு டிக்கெட். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்.

உயரக் கோடு

சுவரில் போட்ட கோடு பொங்கல் வெள்ளையோடு போய்விடும். நிலைக்காலின் வெளிமுகத்தில் மஞ்சளும் குங்குமமும் ஏறும். உள்முகத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். குதிகால், பிட்டம், தோள் மூன்றும் மரத்தில் பட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு விளிம்பை மரத்தோடு ஒட்டி, இன்னொன்றைத் தலையில் படியவையுங்கள். கையை வைத்து அளந்தால் சாய்ந்துவிடும். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும் என்பதால் எப்போதும் ஒரே வேளையில் அளப்பது முக்கியம். சடையை அவிழ்த்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் நிற்கவைக்காமல் படுக்கவைத்து அளப்பதுதான் முறை.

பிறக்கும்போது சுமார் 50 செ.மீ., முதல் பிறந்தநாளில் 75, நான்கு வயதில் 100-ஐ ஒட்டி. அதன்பின் வயசுக்கு வரும்வரை வருஷத்துக்கு 5, 6 செ.மீ. ஏறும். முழு வருஷத்தில் 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றால் "அப்பா வழி குட்டை" என்று விட்டுவிடாமல், நிலையில் உள்ள தேதிகளையும் அளவுகளையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் கேட்பது பழைய அளவுகளைத்தான்.